ஏசியில பூஞ்சை, மக்கல் வாடை: கஸ்டமருங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் சென்னையில திருவான்மியூர், கொட்டிவாக்கம், பெசன்ட் நகர் சுத்தி ஏசி சர்வீஸ் பண்றவன். ஏணி மேல நின்னு பேனலை கழட்டும்போதே கீழேர்ந்து கேள்வி ஆரம்பிச்சுடும், அதுவும் எல்லா வீட்டுலயும் அதே கேள்வி. கடல் ஓரம், அப்பளம் டப்பாக்குள்ளயே நமத்துப் போற ஊரு, அதனால பாதி கேள்வி பூஞ்சை பத்திதான். ஒவ்வொரு வீட்டுலயும் தொண்டை கிழிய சொல்றதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். அவங்க கேட்ட மாதிரியே கேள்வியை போட்டிருக்கேன்.

ஏசி போட்டா ரூம் ட்ரை ஆகும்னு சொல்றாங்களே, அப்புறம் எப்படி அண்ணா ஏசிக்குள்ளயே பூஞ்சை வருது?

ரூம் ட்ரை ஆகுதுல்ல, அந்த ஈரம் எங்க போகுதுன்னு யோசிங்க. ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு வெளிய வேர்க்குற மாதிரி ஏசிக்குள்ள இருக்கிற கூலிங் காயில் வேர்க்குது. காயில் 10 டிகிரி சுமாருக்கு இருக்கும், நம்ம ஊரு காத்து புழுக்கமான நாள்ல 24, 25 டிகிரிக்கு இறங்குனாலே தண்ணி விட ஆரம்பிச்சுடும், அதனால 1.5 டன் ஏசி ஒண்ணு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல கூட தண்ணி இறக்கும். அந்த தண்ணி ட்ரேல விழுந்து பைப் வழியா வெளிய போயிடும். ஆனா காயில் இடுக்குல, ட்ரேல, ப்ளோயர் (காத்தை வெளிய தள்ளுற ஃபேன்) மேல ஒட்டுன ஈரம் போகாது.

ஏசின்னு ஒண்ணு பொறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு பிரிண்டிங் பிரஸ்ல பேப்பர் ஈரத்துல ஊதி கலர் சேராம போச்சுன்னு வில்லிஸ் கேரியர்ங்கற இன்ஜினியர் டிசைன் பண்ணது அது. ஈரத்தை பிடிக்கிற மெஷின், அப்ப ஈரம் மெஷின்லதானே இருக்கும். கூடவே ரூம் தூசி, நம்ம தோல் துகள், தலைமுடி, தலைகாணி பஞ்சு எல்லாம் உள்ள போகுது. இருட்டு, ஈரம், சாப்பாடு மூணும் ஒரே இடத்துல. பூஞ்சைக்கு வேற என்ன வேணும்?

கறுப்பு கறுப்பா புள்ளி தெரியுது, அது பூஞ்சையா வெறும் தூசியா?

தூசி சாம்பல் கலர்ல படலமா இருக்கும், விரல் வெச்சா மொத்தமா வந்துடும். பூஞ்சை தனித்தனி வட்டப் புள்ளியா, கறுப்பாவோ கரும்பச்சையாவோ இருக்கும், துடைச்சாலும் கறை நிக்கும், ஒரு வாரத்துல அதே இடத்துல திரும்ப வரும். சந்தேகமா இருந்தா காது குடையுற பட்ஸ்ல ஒரு சொட்டு ப்ளீச் தொட்டு பிளாஸ்டிக் மேல இருக்கிற புள்ளியில வைங்க (பிளாஸ்டிக்ல மட்டும், காயில்ல வேணாம்), ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல கலர் வெளுத்தா பெரும்பாலும் பூஞ்சை, அப்படியே இருந்தா வெறும் அழுக்கோ புகைக் கரியோதான்.

எங்க பாக்கணும்னா, ஏசியை ஆஃப் பண்ணிட்டு காத்து வர்ற வாயில ஃப்ளாப்பை மெதுவா கீழ இறக்கி மொபைல் டார்ச் அடிங்க. உள்ள உருளை மாதிரி ஒரு ஃபேன் தெரியும், அதுதான் ப்ளோயர். அதோட பிளேடுல கறுப்பா திட்டு திட்டா இருந்தா மேட்டர் அங்கதான் இருக்கு. நிறைய பேர் முன்பக்கம் ஃபில்டரை பாத்துட்டு "கிளீனா இருக்கு"ன்னு மூடிடுவாங்க, ரூமுக்குள்ள வர்ற காத்து கடைசியா தொட்டுட்டு வர்றது ப்ளோயரைத்தான்.

ஆன் பண்ண முதல் அஞ்சு நிமிஷம்தான் நாறுது, அப்புறம் போயிடுது. விட்டுடலாமா?

வாடை போகல, உங்க மூக்கு பழகிடுச்சு, அது ஒண்ணு. இன்னொண்ணு, ராத்திரி முழுக்க ஈரத்துல ஊறுன அழுக்குலேர்ந்து வர்ற வாடை எல்லாம் மூடுன டப்பாக்குள்ள சேந்திருக்கும், ஃபேன் சுத்துனதும் மொத்தமா வெளிய வரும். அப்புறம் காயில் வேர்க்க ஆரம்பிச்சா கொஞ்சத்தை தண்ணியே கழுவிட்டு போயிடும். ஊற வெச்சு மறந்த துணி மாதிரி, பழைய சாக்ஸ் மாதிரி வாடைன்னா அதுதான். முட்டை அழுகுன மாதிரி வந்தா வேற கதை, ட்ரைன் பைப்பை நேரா கழிவு நீர் லைன்ல கொண்டு சொருகியிருப்பாங்க, அங்கேர்ந்து ஏறி வருது.

அஞ்சு நிமிஷ ஸ்டேஜ்ல பிடிச்சா ஒரு சர்வீஸ்ல முடியும். ரூம் பூரா மக்கல் அடிக்கிற ஸ்டேஜுக்கு வந்தா யூனிட்டை இறக்கணும்.

தம்பி, நான் ஃபில்டரை வாராவாரம் கழுவுறேன், அப்புறமும் ஏன் வருது?

ஒரு மாமி கேட்டாங்க இதை. அவங்க வீட்டுல ஃபில்டர் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ப்ளோயர் கரிச்சட்டி மாதிரி. விசாரிச்சா, ஃபில்டரை கழுவி ரெண்டு தட்டு தட்டிட்டு ஈரத்தோடயே மாட்டிடுவாங்களாம், வாராவாரம்! அது ஏசிக்கு வாராவாரம் தண்ணி தெளிக்கிற மாதிரிதான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுனா போதும், ஆனா நிழல்ல நல்லா காயட்டும். வெயில்ல போட்டா பிளாஸ்டிக் ஃப்ரேம் வளைஞ்சுடும், வளைஞ்சா ஓரத்துல கேப் விழுந்து தூசி அது வழியா நேரா காயிலுக்கு போகும்.

தவிர அந்த வலை ஃபில்டர் பெரிய தூசியைத்தான் பிடிக்கும். பூஞ்சை விதை கண்ணுக்கே தெரியாத சைஸ், எல்லா வீட்டு காத்துலயும் எப்பவும் இருக்கும், அதை தடுக்கவே முடியாது. அது முளைக்க ஈரம் குடுக்காம இருக்கிறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

நானே கிளீன் பண்ணலாமா? எது வரைக்கும் கை வைக்கலாம்?

ஃபில்டர், முன் பேனல், ஃப்ளாப், காத்து வர்ற வாய், ப்ளோயர்ல கைக்கு எட்டுற மேல் அழுக்கு, ட்ரைன் பைப்போட வெளி முனை, இது வரைக்கும் தாராளமா பண்ணலாம். முதல்ல எம்சிபியை (ஏசிக்கு கரண்ட் போற மெயின் ஸ்விட்ச்) ஆஃப் பண்ணுங்க. ரிமோட்ல ஆஃப் பண்றது ஆஃப் இல்ல, உள்ள கரண்ட் இருக்கும், தூங்கிட்டிருக்கும், அவ்வளவுதான். என்95 மாஸ்க் போட்டுக்கோங்க, காஞ்ச பூஞ்சையை தேய்ச்சா புழுதி மாதிரி பறக்கும். ரூம்ல குழந்தை, வீசிங் இருக்கிறவங்க யாரும் வேணாம், ஜன்னலை திறந்து வைங்க, பெட் மேல பழைய போர்வையை போட்டுடுங்க.

சோப்புத் தண்ணியில பிழிஞ்ச துணியால வாயையும் ஃப்ளாப்பையும் துடைங்க. ப்ளோயரை விரலால கொஞ்சம் கொஞ்சமா சுத்திக்கிட்டே பழைய டூத் பிரஷால ஒவ்வொரு பிளேடா தேய்க்கலாம், பொறுமை வேணும், முழுசா வராது ஆனா பாதி வரும். அழுத்திடாதீங்க, ஒரு பிளேடு உடைஞ்சாலும் ஃபேன் பேலன்ஸ் போய் கடகடன்னு ஆடும். காயில் தகடை இரும்பு பிரஷால தேய்க்கவே கூடாது, அது காகிதம் மாதிரி மடங்கிடும். வலது பக்கம் மூடியிருக்கிற பகுதியில பிசிபி (ஏசியோட எலக்ட்ரானிக் போர்டு) இருக்கு, அங்க ஒரு சொட்டு தண்ணி போனாலும் சர்வீஸ் காசை விட பத்து மடங்கு செலவு. காயிலுக்கு பின்னாடி, ட்ரேக்குள்ள, ப்ளோயரை கழட்டுறது எல்லாம் எங்க வேலை, யூடியூப் பாத்துட்டு ஆரம்பிச்சு பாதியில கூப்பிடுறவங்க மாசத்துக்கு ரெண்டு பேராவது இருக்காங்க.

வினிகர் அடிக்கலாமா? ப்ளீச்? சோடா உப்பு?

காயில் மேல மூணுமே வேணாம். காயில்ல இருக்கிறது தாமிரக் குழாயும் அலுமினிய தகடும். ப்ளீச் அலுமினியத்தை அரிக்கும். சோடா உப்பு காரம், தகடு மங்கிப் போகும், கழுவாம விட்டா வெள்ளையா படிஞ்சுடும். வினிகர் பத்திதான் நிறைய பேருக்கு தெரியாது, அதுல இருக்கிற அமிலம் ஈரத்தோட தாமிரத்துல தங்குனா எறும்புப் புத்து மாதிரி குழாய்க்குள்ள கண்ணுக்கு தெரியாத ஓட்டை போட்டுக்கிட்டே போகும், கொஞ்ச நாள் கழிச்சு கேஸ் (குழாய்க்குள்ள ஓடி ஜில்லுன்னு ஆக்குறது) லீக். நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல இண்டோர் காயிலுக்கு அவுட்டோருக்கு அடிக்கிற ஆசிட் கிளீனரை அடிச்சேன். ஒரே நிமிஷத்துல பளிச்சுன்னு ஆச்சு, கஸ்டமருக்கு செம சந்தோஷம், ஆனா ரெண்டு சீசன் தாண்டல, காயில் போச்சு. என் கைக்காசுலதான் மாத்திக் குடுத்தேன்.

ப்ளீச்சையும் வினிகரையும் ஒண்ணா கலக்கவே கலக்காதீங்க, குளோரின் வாயு வரும், மூடுன ரூம்ல ஆபத்து. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோட சேத்தாலும் விஷ வாயுதான். பிளாஸ்டிக்குக்கு பாத்திர சோப்பு கலந்த தண்ணி போதும், காயிலுக்கு ஆசிட்டும் காரமும் இல்லாத காயில் கிளீனர்னு கேட்டு வாங்குங்க, அடிச்சப்புறம் நிறைய தண்ணி விட்டு அலசணும். பூஞ்சையை கொல்றதை விட அதை அங்கேர்ந்து எடுத்து வெளிய தள்றதுதான் முக்கியம், செத்த பூஞ்சையும் அலர்ஜி குடுக்கும்.

ஆன்லைன்ல ஸ்ப்ரே கேன் விக்குறாங்களே, அடிச்சு விட்டா போதும்னு?

லேசா அழுக்கு இருந்தா பரவால்ல. நிறைய இருந்தா நுரை அழுக்கை இளக்கி ட்ரேல கொண்டு போய் சேத்துடும், அலச தண்ணி இல்ல, அப்படியே கூழா நின்னு ட்ரைன் அடைக்கும். மறுநாள் சுவத்துல தண்ணி வழியுதுன்னு எனக்கு போன் வரும். நிறைய கேன்ல இருக்கிற கேஸ் தீப்பிடிக்கும், எம்சிபி ஆஃப், விளக்கு ஊதுபத்தி எதுவும் எரியக்கூடாது.

வாட்டர் சர்வீஸ், ஜெட், ஃபோம், கெமிக்கல் வாஷ்... எதை பண்ண சொல்றது? ஏமாத்துறாங்களோன்னு பயமா இருக்கு

பேரு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற சொந்தக்காரங்க "கெமிக்கல் வாஷ்"னு சொல்வாங்க, அங்க வருஷம் பூரா ஏசி ஓடுறதால அது சகஜம். பேரை விடுங்க, என்ன பண்ணாங்கன்னு பாருங்க. பூஞ்சைன்னா மூணு இடத்துல தண்ணி போகணும்: காயில், ப்ளோயர், ட்ரே. ஏசியை சுத்தி பை கட்டி ஜெட் பம்ப்ல அடிச்சா பக்கெட்ல விழுற தண்ணி முதல்ல தார் மாதிரி வரும், அது கலங்கல் இல்லாம வர்ற வரைக்கும் அடிக்க சொல்லுங்க. பிசிபியை பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுறாங்களான்னு பாருங்க, மூடலைன்னா அங்கயே நிறுத்துங்க. முடிச்சதும் ரெண்டாவது கேள்வியில சொன்ன மாதிரி டார்ச் அடிச்சு நீங்களே ப்ளோயரை பாருங்க. அழுக்கு தார் மாதிரி கெட்டியாகி ஜெட்ல வரலைன்னா ப்ளோயரை கழட்டித்தான் கழுவணும், சார்ஜ் கூடத்தான் ஆகும், நியாயமான சார்ஜ்.

"வாடை வருதா, கேஸ் கம்மி, டாப் அப் பண்ணணும்"னு சொன்னா நம்பாதீங்க. எங்க ஆளுங்களை பத்தி நானே சொல்லக்கூடாது ஆனாலும் சொல்றேன், கேஸுக்கும் மக்கல் வாடைக்கும் சம்பந்தமே இல்ல. கேஸ் பெட்ரோல் மாதிரி தீராது, லீக் ஆனாதான் குறையும், லீக்கை அடைக்காம டாப் அப் போடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துறது.

சர்வீஸ் பண்ணி ஒரு மாசம் கூட ஆகல, திரும்ப நாறுது. என்ன சர்வீஸ் பண்ணீங்க?

கோவமா கேப்பாங்க, கேக்குறதும் நியாயம்தான். சில சமயம் எங்க தப்பு, ப்ளோயரை விட்டுட்டு காயிலை மட்டும் அடிச்சிருப்போம். ஆனா முக்காவாசி நேரம் காரணம் என்னன்னா, கழுவுறோம், காய வைக்கிறதில்ல. கழுவுன பாத்திரத்தை ஈரத்தோட கவுத்து மூடி வெச்சா எப்படி வாடை வருமோ அப்படித்தான். காலையில எந்திரிச்சதும் ரிமோட்ல டப்புனு ஆஃப் பண்றோம், ஃப்ளாப் மூடிக்குது, உள்ள சொட்டச் சொட்ட ஈரம், வெளிய சென்னை புழுக்கம், அடுத்த ராத்திரி வரைக்கும் காயவே காயாது. ஈரப் பொருள் ஒண்ணு ரெண்டு நாள் காயாம இருந்தாலே பூஞ்சை முளைக்க போதும். இங்க தினமும் நடக்குது இது.

ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஃபேன் மோட்ல அரை மணி நேரம் ஓட்டுங்க. புது மாடல்கள்ல ஆஃப் பண்ணப்புறம் தானா ஃபேன் ஓடி காய வைக்கிற செட்டிங் இருக்கும், கம்பெனிக்கு ஒரு பேரு வெச்சிருப்பாங்க, அதை ஆன்ல வைங்க. காத்து வருதேன்னு நினைச்சு பாதியில மெயின் ஸ்விட்சை அணைக்காதீங்க, அணைச்சா அந்த செட்டிங் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அதுக்கப்புறமும் வந்தா ட்ரைனை பாக்கணும். பைப் நேரா கீழ இறங்கணும், நடுவுல தொங்கி வளைஞ்சா அங்க தண்ணி தேங்கி வழுவழுன்னு பாசி மாதிரி வளரும். பால்கனியில பக்கெட் வெச்சு பைப் முனையை தண்ணிக்குள்ள முக்கி வெச்சிருப்பாங்க, அதுவும் தப்பு, தண்ணி சரியா இறங்காது. முனை தண்ணிக்கு மேல தொங்கணும். சுவர்ல பைப் போற ஓட்டையை சரியா அடைக்கலைன்னாலும் வெளிப் புழுக்கம் நேரா ஏசி முதுகுப் பக்கம் வந்துட்டே இருக்கும், புட்டி வெச்சு அடைக்கிறது அஞ்சு நிமிஷ வேலை.

ஃபேன் மோட்ல காய வெச்சா அந்த ஈரம் திரும்ப ரூமுக்குள்ளதானே வரும்?

நல்ல கேள்வி, ஒரு காலேஜ் பையன் கேட்டான். ஆமா, வரும். அதனாலதான் தூங்கும்போது இல்ல, ரூமை விட்டு கிளம்புறப்ப பண்ண சொல்றேன். காயில்ல ஒட்டியிருக்கிற ஈரம் ரூம் காத்துல கலந்து கதவு வழியா போயிடும், ஏசிக்குள்ள நிக்கிறதை விட அது தேவல. ஆனா நாள் முழுக்க ஃபேன் மோட்ல விட்டுட்டு நடுநடுவுல கூல் போடுறது வேணாம், காயில் பிடிச்ச தண்ணியை நீங்களே திரும்ப ரூமுக்குள்ள விடுறீங்க, கசகசன்னு இருக்கும்.

அப்போ ட்ரை மோட் போட்டா ஏசி காஞ்சுடுமா?

காயாது. பேரைப் பாத்து ஏமாறாதீங்க, ட்ரை மோட் ரூமைத்தான் ட்ரை பண்ணும், கம்ப்ரசர் ஓடும், காயில் நனையும். மழை நாள்ல சூடு இல்ல ஆனா பிசுபிசுன்னு இருக்கே, அப்ப ட்ரை மோட் அருமை. முடிச்சதும் அதே அரை மணி ஃபேன்.

ரூம் சின்னது, சீக்கிரம் கூல் ஆகட்டும்னு 1.5 டன் போட்டோம். அதுக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு. 100 சதுர அடி ரூமுக்கு 1.5 டன் போட்டா சில நிமிஷத்துலயே செட் பண்ண டிகிரி வந்துடும், கம்ப்ரசர் நின்னுடும். சூடு சீக்கிரம் இறங்கும், ஈரம் இறங்க நேரம் வேணும், அந்த நேரமே கிடைக்கல. ஜில்லுன்னு இருக்கும் ஆனா போர்வை ஈரமா இருக்கிற மாதிரி தோணும், குகைக்குள்ள படுத்த மாதிரி. இன்வெர்ட்டர் ஏசி கம்ப்ரசரை நிறுத்தாம வேகத்தை குறைச்சுக்கும், ஆனா ரொம்ப மெதுவா ஓடுறப்ப காயில் அவ்வளவு ஜில்லுன்னு இருக்காது, தண்ணியும் கம்மியாத்தான் பிடிக்கும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் கிடைக்குது, வாங்கி தலைமாட்டுல வைங்க. 60 சதவீதத்துக்கு கீழ இருந்தா சரி, 50 பக்கம் இருந்தா ரொம்ப சரி. 70ஐ தாண்டியே இருந்தா ஏசியில மட்டும் இல்ல, பீரோல இருக்கிற பட்டுப்புடவை, தோல் பெல்ட் எல்லாத்துலயும் பூக்கும்.

18ல வெச்சா ஈரம் இன்னும் நல்லா போகும்தானே? ஆனா எங்க சுவத்துல பூஞ்சை வருதே

ஏசி ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஹால், இல்ல பாத்ரூம். நீங்க 18ல வெச்சா சுவரே ஜில்லிட்டுப் போகுது, அந்தப் பக்கம் இருக்கிற புழுக்கமான காத்து சுவத்துல பட்டு வேர்க்குது. பீரோ பின்னாடி காத்தே போகாது, அங்க முதல்ல பூக்கும். பீரோவை ஒரு சாண் தள்ளி வைங்க. 2020 ஜனவரிலேர்ந்து இந்தியாவுல விக்கிற ஏசி எல்லாம் ஆன் பண்ணா 24லதான் ஆரம்பிக்கணும்னு ரூல் இருக்கு, அது கரண்ட் மிச்சத்துக்காக, ஆனா சுவத்துக்கும் நல்லதுதான். 25 வெச்சு சீலிங் ஃபேன் போடுங்க. கதவை திறந்து வெச்சு ஏசி ஓட்டாதீங்க, ஃப்ளாப் வேர்த்து சொட்டுறது பெரும்பாலும் அதனாலதான்.

வாடை போகட்டும்னு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறோம், ஏசி ரூம்லயும் காட்டுறோம்

காட்டுங்க, ஏசி ஆஃப்ல இருக்கும்போது, ஜன்னலை திறந்து வெச்சு. சாம்பிராணி புகையில பிசின் இருக்கு, ஈரமான காயில்ல போய் ஒட்டுனா பிசுக்கு மாதிரி ஆகி தூசியை இழுத்துப் பிடிச்சுக்கும், ஊதுபத்தியும் சமையல் தாளிப்புப் புகையும் அப்படித்தான். கிச்சனை ஒட்டுன ரூம் ஏசிதான் எப்பவும் மோசமா இருக்கும், நான் பேனல் திறக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்.

யூவி லைட் மாட்டுனா பூஞ்சையே வராதாமே?

பெரிய ஆஸ்பத்திரி, மால் ஏசியில காயிலுக்கு எதிர்ல பவர்ஃபுல்லா மாட்டுவாங்க, வேலை செய்யும். வீட்டு ஸ்ப்ளிட்டுக்குள்ள ஒட்டுற குட்டி லைட் வெளிச்சம் படுற இடத்துக்கு மட்டும்தான், ப்ளோயர் மறைவுலதான் இருக்கு. உண்மையான யூவி-சி (கிருமியைக் கொல்ற வகை) லைட்டுன்னா கண்ணுக்கு ஆகாது, பிளாஸ்டிக்கும் நொறுங்கும். அந்த காசுக்கு ஒரு நல்ல சர்வீஸ் பண்ணிக்கலாம்.

பையனுக்கு ராத்திரி மட்டும் இருமல், வீசிங். ஏசியாலயா? ஏசியால சாவே வந்துச்சுன்னு வாட்சப்ல வந்துச்சே

ஏசி ரூம்ல படுத்தா இருமல், வெளியூர் போனா இல்லன்னா ஏசியை சந்தேகப்படலாம், ஆனா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, நான் மெக்கானிக். ஆஸ்துமா, அலர்ஜி இருக்கிறவங்களுக்கு பூஞ்சை தொல்லை குடுக்கும்ங்கறது நிச்சயம். கீமோ எடுக்கிறவங்க, உறுப்பு மாற்று ஆபரேஷன் பண்ணவங்க வீட்டுல இருந்தா கறுப்பு தெரியுற ஏசியை கிளீன் பண்ற வரைக்கும் போடவே போடாதீங்க, கிளீன் பண்றப்ப அவங்க அந்த வீட்டுலயே இருக்க வேணாம்.

வாட்சப்ல வந்தது லீஜனேர் நோய், 1976ல அமெரிக்காவுல பிலடெல்பியா ஹோட்டல்ல நடந்தது. அது பூஞ்சை இல்ல, பாக்டீரியா, பெரிய கட்டட ஏசியோட கூலிங் டவர் தண்ணியோட சம்பந்தப்பட்டது. நம்ம வீட்டு ஸ்ப்ளிட்ல அந்த மாதிரி சூடான தண்ணி தெளிக்கிற டவரே கிடையாது, அந்த பயத்தை விடுங்க.

மழைக்காலத்துல ஏசி போட மாட்டோம், கவர் போட்டு மூடி வைக்கலாமா?

இண்டோருக்கு பிளாஸ்டிக் கவர் போடாதீங்க, ஈரத்தை உள்ள கட்டி வைக்கிற வேலை அது. கடைசியா ஓட்டுற நாள் ஃபில்டரை கழுவி காய வெச்சு, ரெண்டு மூணு மணி நேரம் ஃபேன் மோட் ஓட்டி நிறுத்துங்க. அப்புறம் பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ட்ரை மோட் ஒரு மணி நேரம், ஃபேன் அரை மணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் பல ஏரியாவுல நாள் கணக்குல கரண்ட் இல்ல, வீடெல்லாம் ஓதம், மார்ச்ல ஏசி போட்டப்ப எனக்கு வந்த போன் எல்லாம் ஒரே பல்லவிதான். அந்த மாதிரி ஓதம் ஏறுன வீட்டுல சுவர் காயாம ஏசியை மட்டும் கழுவி பிரயோஜனம் இல்ல.

எவ்வளவு கழுவியும் போகலைன்னா புதுசு வாங்கிடலாமா?

ப்ளோயரை கழட்டி கழுவி, ட்ரே, ட்ரைன் பாத்து, தினமும் காய வெச்சும் வருதுன்னா காயிலுக்கு பின்னாடி ஒட்டியிருக்கிற இன்சுலேஷன் ஃபோம் ஈரம் குடிச்சிருக்கும், அதை கழுவ முடியாது, மாத்தணும். கடல் ஓரத்துல உப்புக்காத்துல காயில் தகடு ஏற்கனவே பொடிஞ்சு கொட்டுற நிலைமைன்னா அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, வாங்கிடுங்க. வாங்குறப்ப ப்ளோயரும் ட்ரேயும் சுலபமா கழட்ட வர்ற மாடலான்னு கேளுங்க, சேல்ஸ்மேன் முழிச்சா இன்ஸ்டால் பண்ண வர்றவர்கிட்ட கேளுங்க. அப்புறம் மாட்ட வர்றவங்க பழைய ட்ரைன் பைப்பையே புது ஏசிக்கு கோத்துட்டு போயிடுவாங்க, உள்ள பழைய பாசி அப்படியே இருக்கும். புது பைப் போட சொல்லுங்க, அது மீட்டர் கணக்குல சில்லறை காசுதான்.